சும்மா கிடக்கும் கணினியை வீட்டு ஃபயர்வால் ஆக்கலாமா?

கேள்வி: எங்கள் வீட்டில் பன்னிரண்டு வருடப் பழைய மேசைக் கணினி ஒன்று சும்மா கிடக்கிறது. 4 ஜிபி ரேம், பழைய ஹார்ட் டிஸ்க், ஒரே ஒரு லேன் போர்ட். இதை ஃபயர்வாலாக, அதாவது இணையத்துக்கும் வீட்டுக்கும் நடுவே நின்று போக்குவரத்தை வடிகட்டும் பெட்டியாக, மாற்றலாம் என்று படித்தேன். வீட்டில் இரண்டு கேமரா, ஸ்மார்ட் டிவி, பிள்ளைகளின் டேப்லெட், என் மனைவி அலுவலக வேலை பார்க்கும் லேப்டாப் எல்லாமே ஒரே வைஃபையில் ஓடுகின்றன. ரூட்டரிலேயே ஃபயர்வால் இருக்கும்போது இது வீண் வேலை என்கிறார் நண்பர். இணைய வேகம் குறையுமா? அதே கணினியில் குடும்பப் போட்டோக்களையும் சேமித்து வைக்கலாமா? நான் கணினித் துறையில் இல்லை. ஆனால் விண்டோஸை நானே நிறுவிக்கொள்வேன்.

பதில்: உங்கள் நண்பர் சொல்வதில் பாதி சரி. அந்தப் பாதியை முதலில் பேசிவிடுவோம். அது புரியாமல் இறங்குகிறவர்கள்தான் ஒரே மாதத்தில் கணினியைத் திரும்பப் பரணில் ஏற்றிவிடுகிறார்கள்.

இப்போது இருக்கும் ரூட்டர் உங்கள் வீட்டுக் கருவிகளுக்கு, பெரும்பாலும் 192.168 என்று தொடங்கும் உள்முகவரிகளைக் கொடுத்திருக்கும். இவை வெளி இணையத்தில் செல்லாத முகவரிகள். 1996-இல் வந்த ஆர்எஃப்சி 1918 என்ற ஆவணம் இப்படி மூன்று தொகுப்புகளை உள் உபயோகத்துக்கென்றே ஒதுக்கிவைத்தது. வீட்டுக் கருவி ஒன்று வெளியே பேசும்போது, எந்தக் கருவி எந்த இடத்தோடு பேசுகிறது என்று ரூட்டர் ஒரு பட்டியலில் குறித்துக்கொள்ளும். பதில் வந்தால் பட்டியலைப் பார்த்து உள்ளே விடும். யாரும் கூப்பிடாமல் வெளியிலிருந்து வரும் பாக்கெட்டுக்கு (இணையத்தில் தகவல் போகும் சின்னப் பொட்டலம்) பட்டியலில் இடம் கிடையாது. அது வாசலிலேயே விழுந்துவிடும். நீங்கள் நிறுவப்போகும் ஃபயர்வாலும் இந்த ஒரு விஷயத்தில் இதையேதான் செய்யும். ஆகவே "வெளியாள் உள்ளே நுழையாமல் தடுக்க" என்பது மட்டும் உங்கள் காரணமாக இருந்தால் நண்பர் பேச்சைக் கேட்டுவிடலாம்.

ஆனால் உங்கள் கடிதத்தில் என் கண்ணில் பட்டது வேறு வரி: "எல்லாமே ஒரே வைஃபையில்." மனைவியின் அலுவலக லேப்டாப்பும், எவரோ செய்து, எப்போதோ கடைசியாக அப்டேட் ஆன கேமராவும் ஒரே அறையில் தாழ்ப்பாள் இல்லாமல் படுத்திருக்கின்றன. அந்தக் கேமரா ஒருநாள் கெட்டுப்போனால் அது லேப்டாப்பின் கதவைத் தட்டுவதை உங்கள் ரூட்டர் தடுக்காது. தட்டியது என்றுகூட உங்களுக்குச் சொல்லாது. பழைய கணினியை ஃபயர்வால் ஆக்குவதில் உண்மையான பலன் இங்கேதான் இருக்கிறது. வீட்டுக்குள் இருப்பவற்றைப் பிரித்து வைக்கலாம், உள்ளிருந்து வெளியே போவதைப் பார்க்கலாம். இந்த இரண்டுக்காகச் செய்யுங்கள் என்பதுதான் என் பதில்.

இது கற்பனைப் பயம் இல்லை. 2016-இல் மிராய் என்ற நச்சு நிரல் கேமரா, டிவிஆர் பெட்டிகள், ரூட்டர்களாகப் பார்த்துப் பிடித்தது. அதனிடம் இருந்த ஆயுதம் தொழிற்சாலையில் வைத்தபடியே மாற்றாமல் விட்ட பயனர் பெயர், கடவுச்சொல் இணைகள் சுமார் அறுபது, அவ்வளவுதான். அந்த ஆண்டு அக்டோபர் 21 அன்று இப்படிப் பிடிபட்ட கருவிகளெல்லாம் சேர்ந்து தளப் பெயர்களை எண் முகவரிகளாக மாற்றித்தரும் டிஎன்எஸ் சேவையை நடத்திய டைன் என்ற நிறுவனத்தைத் தாக்கின. ட்விட்டர், நெட்ஃபிளிக்ஸ் போன்ற தளங்கள் பலருக்கும் மணிக்கணக்கில் கிடைக்கவில்லை. ரூட்டர் வாசலில் நின்றும் கேமராக்கள் எப்படி வெளியே தெரிகின்றன என்று கேட்பீர்கள். யூபிஎன்பி என்று ஒரு வசதி பல ரூட்டர்களில் தானாகவே ஆன் ஆகியிருக்கும். உள்ளே இருக்கும் கருவி "எனக்கு ஒரு வழி திறந்துவிடு" என்று கேட்டால் ரூட்டர் உங்களிடம் சொல்லாமலே திறந்துவிடும். இந்தக் கடிதத்தைப் படித்து முடித்ததும், கணினி விஷயத்தில் என்ன முடிவெடுத்தாலும் சரி, முதலில் அதை அணைத்துவிடுங்கள்.

இன்னொரு காரணமும் உண்டு. 2018 மே மாதம் விபிஎன்ஃபில்டர் என்ற நச்சு நிரலைப் பற்றி, நெட்வொர்க் கருவிகள் செய்யும் சிஸ்கோவின் பாதுகாப்பு ஆய்வுக் குழுவான டாலோஸ் வெளியே சொன்னது. 54 நாடுகளில் குறைந்தது 5 லட்சம் கருவிகள், பெரும்பாலும் வீட்டிலும் சிறு அலுவலகத்திலும் இருக்கும் ரூட்டர்கள், அதன் பிடியில் இருந்தன. வேலியே பயிரை மேய்ந்த கதை. ரூட்டரைச் செய்த நிறுவனம் சில வருடங்களில் அந்த மாடலுக்கு அப்டேட் தருவதை நிறுத்திவிடும். பெட்டி நன்றாக ஓடிக்கொண்டே இருக்கும், ஆனால் உள்ளே இருக்கும் ஓட்டை அப்படியே இருக்கும். பழைய கணினியில் அந்த நிலை வராது. வன்பொருள் பன்னிரண்டு வயதானாலும் மென்பொருள் இந்த மாதத்தியதாக இருக்கலாம்.

சரி, இனி உங்கள் கணினிக்கு வருவோம்.

பிராசசர் 64-பிட்டா என்று பாருங்கள். பன்னிரண்டு வருடம் என்றால் பெரும்பாலும் ஆமாம் என்பதே பதில். 4 ஜிபி ரேம் உங்கள் தேவைக்குப் போதும். ஹார்ட் டிஸ்க்கைக் கழற்றி எடுத்துவிடுங்கள். இரவும் பகலும் சுழல வேண்டிய வேலைக்குப் பன்னிரண்டு வருட டிஸ்க்கை நம்பக்கூடாது. அதற்குப் பதில் கிடைக்கும் எஸ்எஸ்டிகளிலேயே சின்னது போதும். பெட்டியைத் திறந்து தூசி தட்டுங்கள், மின்விசிறி தடையில்லாமல் சுற்றுகிறதா என்று பாருங்கள்.

மதர்போர்டில் நாணயம் மாதிரி ஒரு சின்ன பேட்டரி இருக்கும். சிஆர் 2032 என்று அதன் மேல் எழுதியிருக்கும். அதை மறக்காமல் மாற்றுங்கள். இதை அழுத்திச் சொல்வதற்குக் காரணம், அது என்னிடம் ஒரு மாலைப்பொழுதை வாங்கிக்கொண்டது. மின்சாரம் போய் வந்த பிறகு வீட்டில் எந்தத் தளமும் திறக்கவில்லை. கேபிளைப் பார்த்தேன், விதிகளைப் பார்த்தேன், இணைப்பு கொடுப்பவரையும் சந்தேகப்பட்டேன். கடைசியில் பார்த்தால் பேட்டரி செத்துப்போய், கணினியின் கடிகாரம் பல வருடம் பின்னால் போயிருந்தது. டிஎன்எஸ் தரும் பதில் உண்மையானதா என்று கையொப்பத்தை வைத்துச் சோதிக்கும் டிஎன்எஸ்செக் சரிபார்ப்பை ஆன் செய்து வைத்திருந்தேன். அதில் ஒவ்வொரு கையொப்பத்துக்கும் தொடங்கும் நாளும் முடியும் நாளும் உண்டு. கடிகாரம் தப்பானால் எல்லாக் கையொப்பமும் செல்லாததாகத் தெரியும், எந்தப் பெயரும் முகவரியாக மாறாது. நேரத்தைச் சரிசெய்ய இணையத்தில் இருக்கும் நேர சர்வரைத் தேட வேண்டும், அதைத் தேட அதன் பெயர் முகவரியாக மாற வேண்டும். ஒன்றுக்காக இன்னொன்று காத்து நின்றது. பேட்டரியை மாற்றி, நேரத்தைக் கையால் வைத்ததும் எல்லாம் உயிர்பெற்றது. கையோடு பயாஸில் (கணினி தொடங்கும்போதே திறக்கும் அமைப்புத் திரை) போய், மின்சாரம் போய்த் திரும்பினால் கணினி தானாக ஆன் ஆகும்படியும் வைத்துவிடுங்கள். இல்லாவிட்டால் ஒவ்வொரு முறையும் யாராவது போய் பொத்தானை அழுத்த வேண்டியிருக்கும்.

அடுத்தது லேன் போர்ட். ஃபயர்வாலுக்குக் குறைந்தது இரண்டு வேண்டும்: ஒன்று வெளியே, ஒன்று உள்ளே. உங்களுக்கு நான், கேமராக்களுக்குத் தனியாக ஒன்று சேர்த்து, மூன்று இருக்கட்டும் என்பேன். பிசிஐ எக்ஸ்பிரஸ் ஸ்லாட்டில் செருகும் இரண்டு போர்ட் கொண்ட நெட்வொர்க் கார்டு ஒன்று, மதர்போர்டில் இருக்கும் போர்ட் ஒன்று. கார்டில் இன்டெல் சிப் இருக்க வேண்டும், ஏனென்றால் ஃபயர்வால் மென்பொருள்கள் பலவற்றுக்கு அடித்தளமான ஃப்ரீபிஎஸ்டி என்ற இயங்குதளம் அதோடு நன்றாகப் பழகியது. மதர்போர்டு போர்ட் பெரும்பாலும் ரியல்டெக்காக இருக்கும். ஃப்ரீபிஎஸ்டியில் ரியல்டெக் சிலருக்கு ஒழுங்காக ஓடும், சிலருக்குச் சுமை ஏறும்போது மூச்சுத் திணறும். அதனால் சுமை குறைவான கேமரா பக்கத்துக்கு அதை ஒதுக்கிவிடலாம். யூஎஸ்பியில் மாட்டும் லேன் அடாப்டர் வேண்டாம். அவசரத்துக்கு லேப்டாப்பில் மாட்டிக்கொள்ள அது நல்லது. நாள் முழுக்க வீட்டின் மொத்தப் போக்குவரத்தும் அதன் வழியாகப் போக வேண்டும் என்றால், நீங்கள் இல்லாத நேரமாகப் பார்த்து நின்றுவிடும்.

மின்சாரச் செலவைப் பற்றி நீங்கள் கேட்கவில்லை, ஆனால் நான் சொல்லாமல் விடக்கூடாது. பழைய மேசைக் கணினி ஒன்று சும்மா ஓடும்போதே 60 வாட் இழுக்கிறது என்று வையுங்கள். வருடம் முழுக்க அணையாமல் ஓடினால் சுமார் 525 யூனிட். 10 வாட் இழுக்கும் மினி கணினி அதே வேலைக்கு 88 யூனிட்டுக்குள் முடித்துவிடும். கையில் கணினி இருப்பதால் இலவசம் என்று தோன்றும். மாதாமாதம் மீட்டர் வேறு கணக்குச் சொல்லும். ப்ளக்கில் மாட்டி அளக்கும் வாட் மீட்டர் ஒன்று கிடைத்தால் முதலில் அளந்து பாருங்கள். 40 வாட்டுக்குள் இருந்தால் நான் தயங்கமாட்டேன். 80-ஐத் தாண்டினால், இந்தக் கணினியில் கற்றுக்கொண்டு பிறகு சின்னப் பெட்டிக்கு மாறிவிடலாம். அமைப்பு முழுக்க ஒரே ஃபைலில் இருப்பதால் மாறுவது பெரிய வேலை இல்லை.

பழைய லேப்டாப் குறைந்த மின்சாரத்தில் ஓடுமே என்று சிலர் கேட்பார்கள். ஓடும். ஆனால் அதில் ஒரு போர்ட்தான். ஒரே கேபிளில் பல நெட்வொர்க்கைப் பிரித்து ஓட்டும் விலேன் என்ற முறை தெரிந்த ஸ்விட்ச் வேண்டும். முதல் முயற்சிக்கு அது கொஞ்சம் அதிகம். எந்நேரமும் சார்ஜில் கிடக்கும் பழைய பேட்டரி வீங்கும் ஆபத்தும் இருக்கிறது.

வேகம் குறையுமா என்று கேட்டீர்கள். 100 எம்பிபிஎஸ் இணைப்பு என்றால் உங்கள் பிராசசருக்கு அது ஒரு பொருட்டே இல்லை. 1 ஜிபிபிஎஸ் என்றாலும் வெறும் வடிகட்டலுக்குத் தாங்கும். பிபிபிஓஇ முறையில் லாகின் செய்யும் இணைப்பாக இருந்தால், வேலை முழுக்க பிராசசரின் ஒரே கோர் மேல் விழலாம், அப்போது உச்ச வேகம் கொஞ்சம் இறங்கும். அதைவிட நீங்கள் கவனிக்க வேண்டியது காத்திருப்பு. வீட்டில் ஒருவர் போட்டோக்களை மேலே ஏற்றும்போது இன்னொருவரின் வீடியோ அழைப்பு திக்குவதைப் பார்த்திருப்பீர்கள். வேகம் போதாமல் திக்குவதில்லை, மோடத்தின் வரிசையில் பாக்கெட்டுகள் நீளமாக நின்றுவிடுவதால் திக்குகிறது. 2012-இல் கேத்லீன் நிக்கல்ஸ், வான் ஜேக்கப்சன் இருவரும் கோடெல் என்ற வரிசை முறையைக் கொண்டுவந்தார்கள். அதிலிருந்து வளர்ந்த எஃப்க்யூ-கோடெல் இப்போது இந்த ஃபயர்வால்களில் இருக்கிறது. உங்கள் இணைப்பின் உண்மையான வேகத்தில் 85 அல்லது 90 சதவீதத்தை அதற்கு எல்லையாகக் கொடுத்தால் வரிசை உங்கள் கணினிக்கு வந்துவிடும், அது எல்லோருக்கும் பங்கிட்டுக் கொடுக்கும். உங்கள் மனைவி இதைத்தான் முதலில் உணர்வார் என்று நினைக்கிறேன்.

மென்பொருளில் உங்களுக்கு நான் சொல்வது ஓபிஎன்சென்ஸ். 2003-இல் எம்0என்0வால் என்று ஒரு சின்ன ஃபயர்வால் வந்தது. அதிலிருந்து 2004-இல் பிஎஃப்சென்ஸ் பிரிந்தது, அதிலிருந்து 2015 ஜனவரியில் ஓபிஎன்சென்ஸ் பிரிந்தது. அடுத்த மாதமே எம்0என்0வாலை உருவாக்கிய மானுவேல் காஸ்பர் தன் திட்டத்தை நிறுத்திக்கொண்டு, பயனர்களை ஓபிஎன்சென்ஸைப் பார்க்கச் சொன்னார். பிஎஃப்சென்ஸும் நல்லதே, அதைத் தெரிந்த ஆள் பக்கத்தில் இருந்தால் அதையே போடுங்கள். கார்டு எதுவும் ஃப்ரீபிஎஸ்டியோடு ஒத்துவராவிட்டால் லினக்ஸ் அடிப்படையிலான ஐபிஃபயர் இருக்கிறது. அது வெளியை சிவப்பு, வீட்டைப் பச்சை, வைஃபையை நீலம் என்று நிறத்தால் சொல்லும். புதியவர்களுக்கு நன்றாகப் பிடிபடும்.

நிறுவுவது விண்டோஸை நிறுவுவதைவிடச் சுலபம். பென் டிரைவில் எழுதி, அதிலிருந்து பூட் செய்து, கேட்பதற்குப் பதில் சொன்னால் முடிந்தது. தடுமாற்றம் அதற்குப் பிறகுதான் வரும். முதல் இரண்டு வாரம் தற்போதைய ரூட்டரை எடுக்காதீர்கள். அதன் பின்னால் ஃபயர்வாலை வைத்து, உங்கள் சொந்தக் கணினியை மட்டும் அதில் மாட்டிப் பழகுங்கள். அப்போது ஒரு சிக்கல் வரும்: ஓபிஎன்சென்ஸின் உள்முகவரி 192.168.1.1 என்று வரும், பல ரூட்டர்களின் முகவரியும் அதுவேதான். இரண்டு பக்கமும் ஒரே எண் இருந்தால் பாக்கெட் எந்தப் பக்கம் போவது என்று தெரியாமல் நிற்கும். ஆரம்பத்திலேயே ஃபயர்வாலின் உள்பக்கத்தை 192.168.50.1 போல வேறு எண்ணுக்கு மாற்றுங்கள். போர்ட்டுகளில் வெளி, வீடு, கேமரா என்று காகிதம் ஒட்டிவையுங்கள். கேபிளை மாற்றிச் செருகி, ஃபயர்வாலின் உள்பக்கம் பழைய ரூட்டரில் போய்ச் சேர்ந்துவிட்டால் ஒரே நெட்வொர்க்கில் இரண்டு பேர் முகவரி கொடுக்கத் தொடங்குவார்கள். பாதிக் கருவிக்கு இணையம் வரும், பாதிக்கு வராது, காரணமும் பிடிபடாது. லாகின் செய்ததும், எல்லோருக்கும் தெரிந்த ஆரம்பக் கடவுச்சொல்லை மாற்றுவதுதான் முதல் வேலை.

கணினியில் வைஃபை கார்டு இருந்தாலும் அதை நம்ப வேண்டாம். வைஃபையை உங்கள் ரூட்டரே தொடர்ந்து கொடுக்கட்டும், அதை வைஃபை மட்டும் கொடுக்கும் அக்ஸஸ் பாயின்டாக மாற்றிவிடுங்கள். அந்த மோடு மெனுவில் இல்லாவிட்டால் கையால் செய்யலாம்: கருவிகளுக்கு முகவரி கொடுக்கும் டிஹெச்சிபியை அணையுங்கள், அதற்கு 192.168.50.2 என்று முகவரி கொடுங்கள், ஃபயர்வாலிலிருந்து வரும் கேபிளை அதன் வேன் (வெளி இணையத்துக்கான) போர்ட்டில் இல்லாமல் லேன் போர்ட் ஒன்றில் செருகுங்கள். கேமராக்களுக்கு இன்னொரு பழைய ரூட்டரை இதேபோல மாற்றி, மூன்றாவது போர்ட்டில் மாட்டி, வேறு வைஃபை பெயர் கொடுங்கள். விலேன் என்ற சொல்லையே தொடாமல் இரண்டு தனி நெட்வொர்க் கிடைத்துவிடும். இணைய நிறுவனம் கொடுத்த பெட்டியிலேயே மோடமும் வைஃபையும் சேர்ந்திருந்தால் அதை பிரிட்ஜ் மோடுக்கு, அதாவது மோடம் வேலையை மட்டும் செய்யும் நிலைக்கு, மாற்றச் சொல்லிக் கேட்க வேண்டும். பிரிட்ஜுக்குப் போனதும் அதன் வைஃபை பெரும்பாலும் நின்றுவிடும், வீட்டுக்கும் தனி வைஃபை பெட்டி தேவைப்படும். தொலைபேசியும் அதே பெட்டியில் ஓடினால், பிரிட்ஜுக்குப் போனபின் பேச முடியுமா என்று முன்பே கேட்டுவிடுங்கள். முடியாது என்றால் பெட்டியை அப்படியே விட்டு, அதன் பின்னால் ஃபயர்வாலை நிரந்தரமாக வைத்தாலும் பிரிப்பது நன்றாகவே நடக்கும். ஆனால் வீட்டுக் கருவிகள் எல்லாம் ஃபயர்வாலுக்கு உள்ளே வந்துவிட வேண்டும். பழைய பெட்டியின் வைஃபையில் ஒன்றும் தொங்கிக்கொண்டிருக்கக் கூடாது.

விதிகளில்தான் உங்கள் நேரத்தைச் செலவழியுங்கள். ஓபிஎன்சென்ஸ் விதிகளை மேலிருந்து கீழாகப் படிக்கும், முதலில் பொருந்துவதை எடுத்துக்கொண்டு நின்றுவிடும். வீட்டு நெட்வொர்க்குக்கு "எல்லாம் போகலாம்" என்ற விதி தானாகவே இருக்கும். நீங்கள் புதிதாகச் சேர்க்கும் கேமரா நெட்வொர்க்கில் ஒரு விதியும் இருக்காது, விதி இல்லை என்றால் எதுவும் போகாது. அங்கே முதல் விதியாக, ஃபயர்வாலிடம் டிஎன்எஸ்ஸும் நேரமும் கேட்க அனுமதி கொடுங்கள். அதற்குக் கீழே, ஃபயர்வாலின் மற்ற எதையும், முக்கியமாக நிர்வாகப் பக்கத்தைத் தொடத் தடை. அடுத்து வீட்டு நெட்வொர்க்குக்குத் தடை. கடைசியாக, கேமரா வெளியே போக வேண்டுமா என்று யோசியுங்கள். வெளியூரிலிருந்து போனில் பார்க்கத் தயாரிப்பாளரின் செயலியை நம்பியிருந்தால் இணைய அனுமதி கொடுத்துத்தான் ஆக வேண்டும். வீட்டுக்குள் மட்டும் பார்த்தால் போதும் என்றால் கொடுக்காதீர்கள். வீட்டிலிருந்து கேமராவுக்குப் போகும் வழி திறந்தே இருக்கும். நீங்கள் கூப்பிட்டால் அது பதில் சொல்லும், அதுவாக உங்களைக் கூப்பிட முடியாது. தடை விதிகளில் "பதிவு செய்" என்பதை டிக் செய்துவிட்டு இரண்டு நாள் கழித்துப் பாருங்கள். யார் யாரோடு பேச முயன்றார்கள் என்பதை முதன்முறை பார்ப்பவர்கள் அந்தத் திரையை விட்டு எழுவதில்லை.

இங்கே பலரும் விடுகிற ஒரு இடம் ஐபிவி 6 என்ற புதிய முகவரி முறை. உங்கள் இணைப்பில் அது இருந்தால் ஒவ்வொரு கருவிக்கும் உலகத்துக்கே தெரியும் முகவரி கிடைக்கும். உள்முகவரிக்குப் பின்னால் ஒளிந்துகொள்வது அங்கே கிடையாது, காவல் முழுக்க விதிகளிடம்தான். தடை விதி எழுதும்போது பழைய முறையான ஐபிவி 4-க்கு மட்டும் எழுதி விட்டுவிட்டால், முன்வாசலைப் பூட்டிப் பின்வாசலைத் திறந்து வைத்த மாதிரி ஆகும். இரண்டுக்கும் சேர்த்து எழுதுங்கள்.

டிவியை எங்கே வைப்பது என்று குழம்புவீர்கள். போனிலிருந்து டிவிக்குப் படம் அனுப்பும் வசதி, இரண்டும் ஒரே நெட்வொர்க்கில் இருந்தால்தான் ஒன்றையொன்று கண்டுபிடிக்கும். டிவியைக் கேமரா பக்கம் தள்ளினால் அன்று மாலையே வீட்டில் புகார் வரும். ஆரம்பத்தில் அதை வீட்டுப் பக்கமே விடுங்கள். நெட்வொர்க்குகளுக்கு நடுவே அந்த அறிவிப்புகளைக் கடத்தும் கூடுதல் நிரல் இருக்கிறது, விதிகள் கைவந்த பிறகு அதைப் பார்க்கலாம்.

பிள்ளைகளின் டேப்லெட்டுக்கு, விளம்பரம், மோசடித் தளம் ஆகியவற்றின் பெயர்களை டிஎன்எஸ் மட்டத்திலேயே மறுக்கும் பட்டியல்கள் ஓபிஎன்சென்ஸுக்குள் இருக்கின்றன. ஆன் செய்யுங்கள், ஆனால் அதையே முழுக் காவலாக நினைக்காதீர்கள். டிஎன்எஸ் கேள்வியைச் சாதாரண வலைப் போக்குவரத்துக்குள் மறைத்து அனுப்பும் செயலிகள் உண்டு. ஊடுருவலைக் கண்டுபிடிக்கும் சூரிகாட்டாவை முதல் சில மாதம் தொடவே வேண்டாம். இன்று வலைப் போக்குவரத்தில் பெரும்பகுதி குறியாக்கத்துக்குள் போகிறது, உள்ளே இருப்பதை அது படிக்க முடியாது. 4 ஜிபியில் பாதியை எடுத்துக்கொண்டு எச்சரிக்கைகளாகக் கொட்டும். அவற்றில் எது உண்மை என்று பிரிக்கும் பழக்கம் வராதவரை அது உங்களைப் பயமுறுத்தத்தான் செய்யும்.

போட்டோக்களை அதே கணினியில் வைக்கலாமா என்றால், வைக்கக்கூடாது. இதில் நான் இறங்கி வரமாட்டேன். வாசலில் நிற்கும் கணினியில் நீங்கள் சேர்க்கும் ஒவ்வொரு சேவையும் ஒரு புதிய கதவு. அது உடைந்தால் உடைந்தவர் கையில் குடும்பப் போட்டோக்களும் சேர்ந்தே போகும். நடைமுறைக் காரணமும் இருக்கிறது: ஃபயர்வாலில் ஏதோ கெட்டுவிட்டால் டிஸ்க்கை அழித்துவிட்டு அரை மணி நேரத்தில் மறுபடி நிறுவ முடிய வேண்டும். அதில் பொக்கிஷத்தை வைத்துவிட்டால் கை நடுங்கும்.

இந்தப் பெட்டியால் முடியாதவையும் இருக்கின்றன. வங்கியிலிருந்து வந்ததுபோல் வரும் போலி மின்னஞ்சலில் உங்கள் வீட்டார் தாமாகவே கடவுச்சொல்லை எழுதிக்கொடுத்தால் ஃபயர்வாலுக்கு அது சாதாரணப் போக்குவரத்துதான். மொபைல் டேட்டாவில் இருக்கும் போன் இதன் வழியாக வருவதே இல்லை. மனைவியின் லேப்டாப், அலுவலகத்தோடு குறியாக்கம் செய்து இணைக்கும் விபிஎன்னில் இருக்கும்போது உள்ளே என்ன போகிறது என்று இதற்குத் தெரியாது, தெரியவும் கூடாது. ஆகவே கருவிகளின் அப்டேட்டையும் வைரஸ் தடுப்பையும் நிறுத்திவிடாதீர்கள்.

பராமரிப்பு என்று பார்த்தால் மாதம் அரை மணி நேரம். அப்டேட் போடும் முன் அமைப்பு ஃபைலை இறக்கி ஒரு பென் டிரைவில் வையுங்கள். அதில் கடவுச்சொற்களும் சாவிகளும் இருக்கும், கண்ட இடத்தில் போடக்கூடாது. நிர்வாகப் பக்கத்தை வெளியிலிருந்து திறக்கும்படி ஒருநாளும் வைக்காதீர்கள். வெளியூரிலிருந்து வீட்டுக்குள் வர வேண்டுமானால் வயர்கார்டு விபிஎன் போடலாம். உங்கள் வெளிமுகவரி 100.64 முதல் 100.127 வரைக்குள் தொடங்கினால், இணைய நிறுவனம் பல வாடிக்கையாளர்களை ஒரே முகவரிக்குப் பின்னால் வைத்திருக்கிறது என்று பொருள். பாதுகாப்புக்கு அதனால் குறையில்லை. வெளியிலிருந்து நேராக உள்ளே வருவது மட்டும் அப்போது நடக்காது. இந்த மாதாந்திர அரை மணி நேரத்தை ஒதுக்க முடியாது என்று தோன்றினால், ஒழுங்காக அப்டேட் வரும் நல்ல ரூட்டர் ஒன்றில் கெஸ்ட் வைஃபையை ஆன் செய்து, அதில் கேமராக்களை விட்டுவிடுங்கள். பார்ப்பாரில்லாத ஃபயர்வாலைவிட அது மேல் என்று மனதாரச் சொல்கிறேன்.

பழைய ரூட்டரை எடுத்துவிட்டு ஃபயர்வாலை முன்னால் நிறுத்தும் நாளுக்கு முன் ஒரு தாள் எழுதுங்கள். ஃபயர்வால் நின்றுவிட்டால் எந்தக் கேபிளை எடுத்து எதில் செருகினால் பழையபடி இணையம் வரும் என்று நாலைந்து வரியில், போர்ட்டில் ஒட்டிய அதே சொற்களில் எழுதுங்கள். ரூட்டரின் பழைய அமைப்பையும் சேமித்து வைத்து, அதைத் திரும்ப ஏற்றுவது எப்படி என்றும் குறித்துவிடுங்கள். கணினிப் பெட்டியின் மேலேயே அந்தத் தாளை ஒட்டி, உங்கள் மனைவியிடம் கொடுத்து, நீங்கள் வாய் திறக்காமல் பக்கத்தில் நின்றுகொண்டு ஒருமுறை மாற்றிப் பார்க்கச் சொல்லுங்கள். எங்கே தயங்குகிறாரோ அந்த வரியைத் திருத்தி எழுதுங்கள். அவர் தனியாகப் பத்து நிமிடத்தில் இணையத்தைக் கொண்டுவந்துவிட்டால், அடுத்த விடுமுறை நாளில் கேமராக்களை நகர்த்தத் தொடங்கலாம்.